வலப்பக்கம் வந்தவன்

அன்று மதியக் காட்சியில் முகமூடிக்காரன் ஒரு இருக்கையைக்கூடத் தொடாமல் நடந்து வந்தான்.

வேறு யாராவது இருந்திருந்தால் கவனித்திருக்க மாட்டார்கள். அவள் கவனித்தாள். கல்யாண வயதிலிருந்து அந்தத் தியேட்டரில் டார்ச் அடித்து ஆட்களை இருக்கையில் உட்காரவைப்பதுதான் அவள் வேலை. மேனேஜரிலிருந்து கூட்டிப் பெருக்குகிறவர்வரை எல்லோருக்கும் அவள் டார்ச்சக்கா. இருட்டில் ஒருவன் நடக்கிற நடையை வைத்தே அவன் குடித்திருக்கிறானா, வீட்டில் பொய் சொல்லிவிட்டு வந்திருக்கிறானா, டிக்கெட் இல்லாமல் நுழைந்தவனா என்று சொல்லிவிடுவாள். வெளியே வெயில் தார்ச்சாலையை உருக்கிக்கொண்டிருந்தது. உள்ளே ஈரமான ஏசிக் காற்றும், எத்தனையோ பேரின் வியர்வையைக் குடித்திருந்த இருக்கைத் துணியின் வாடையும், கருகிய பாப்கார்னின் எண்ணெய்ப் பிசுக்கும் ஒன்றாகக் கலந்து கிடந்த அந்த இருட்டில், வலப்பக்க நடைவழியில் அவன் மேலிருந்து கீழே இறங்கிப் போனான். சாம்பல் நிற முகமூடி. கண்ணுக்கு இரண்டு ஓட்டை. வாய் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் வழவழப்பு. கறுப்பு அங்கி தரையில் இழுபட்டும் சரசரக்கவில்லை. கைகள் இரண்டும் உடம்போடு ஒட்டித் தொங்கின.

அவள் தம்பியால் அப்படி நடக்க முடியாது.

தம்பிக்குக் கண்ணாடியைக் கழற்றினால் எதிரில் இருப்பது ஆளா அலமாரியா என்று தெரியாது. தெருவில் அவனுக்குச் சோடாப்புட்டி என்றுதான் பெயர். முகமூடிக்குள் கண்ணாடி அடங்காததால், ஒவ்வொரு இருக்கையின் முதுகையும் பிடித்துப் பிடித்து, ஆடுகிற படகிலிருந்து கரையிறங்குகிறவன் மாதிரிதான் அவன் நடப்பான். ஜனங்கள் அதையும் நடிப்பு என்று நினைத்துக்கொண்டார்கள். இருட்டில் தங்கள் தோளுக்குப் பக்கத்தில் ஒரு கை வந்து தடவுவது அவர்களுக்குப் பிடித்திருந்தது.

அந்த வேலையை அவனுக்கு வாங்கிக் கொடுத்ததே அவள்தான். வேலை பார்த்த அச்சகம் மூடிய பிறகு அவன் வீட்டில் சும்மா படுத்துக்கிடந்தான். அந்தச் சமயத்தில்தான் இந்தப் பேய்க்கூத்துப் படம் வந்தது. மூடிக்கிடக்கும் ஒரு சினிமாக் கொட்டகையில் நண்பர்கள் சிலர் மாட்டிக்கொள்கிறார்கள். எல்லோருமே திகில் படப் பைத்தியங்கள். அதில் ஒரு வாயாடி, “இப்ப இவன் தனியா போவான் பாரு, செத்தான்” என்று முன்கூட்டியே சொல்லிக்கொண்டே இருப்பான். அப்படியே நடக்கும். ஒவ்வொரு சாவுக்கும் தியேட்டர் விழுந்து விழுந்து சிரிக்கும். மேனேஜருக்கு ஒரு யோசனை தோன்றியது. இடைவேளைக்கு முன்னால் கொலைகாரன் வருகிற காட்சியில், அவன் போட்டிருக்கிற அதே முகமூடியோடு ஒரு ஆளை நிஜமாகவே அரங்குக்குள் நடக்கவிட்டால் என்ன? அவள் தம்பியைச் சொன்னாள். திரைக்குப் பக்கத்துச் சின்னக் கதவு வழியாக வந்து, இடப்பக்க நடைவழியில் பாதிவரை ஏறி, அட்டைக் கத்தியை ஆட்டிவிட்டுத் திரும்பிவிட வேண்டும். அவ்வளவுதான். மூன்றாவது வாரமும் கூட்டம் குறையவில்லை.

ஆரம்பத்தில் அவளுக்கு அருவருப்பாகத்தான் இருந்தது. “ஒருத்தன் கழுத்தறுபட்டுச் சாகறான், இதுல என்னடா சிரிப்பு?” என்று தம்பியிடம் கேட்டாள்.

“பயப்படறதுக்கு யாரும் வரலக்கா. ‘எனக்கு எல்லாம் தெரியும், என்னை ஏமாத்த முடியாது’ன்னு காட்டிக்கறதுக்கு வராங்க. படத்துல இருக்கறவனுக்கும் அது தெரியும். இவன் அவனப் பாத்துச் சிரிக்கறான், அவன் இவனப் பாத்துச் சிரிக்கறான். ஒரே கூட்டாளிங்க.”

போகப்போக அவளுக்கும் அது பிடித்துவிட்டது. பின்வாசல் திரைச்சீலையின் பக்கத்தில் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து, அடுத்தது யார் என்று அவளும் உதட்டுக்குள் சொல்லிக்கொள்வாள். முன்பே தெரிந்து வைத்திருப்பதில் ஒரு சுகம் இருந்தது. தெரிந்துகொண்டவளை எதுவும் அண்டாது என்பது போன்ற சுகம்.

அன்று அந்தச் சுகம் அறுந்துபோயிற்று.

இடைவேளையில் அவள் திரைக்குப் பின்னால் இருந்த சந்துக்குப் போனாள். தம்பி கவிழ்த்துப்போட்ட பெட்டியில் உட்கார்ந்து கண்ணாடியைச் சட்டை நுனியில் துடைத்துக்கொண்டிருந்தான். முகமூடி மடியில் கிடந்தது.

“ஏன்டா இன்னிக்கு வலப்பக்கமா வந்த?”

“வலப்பக்கமா? நானா? நான் எப்பவும்போல இடப்பக்கந்தான் வந்தேன். நாலு வரிசை ஏறினதுமே அங்கி கால்ல மாட்டிக்கிச்சு, அப்படியே திரும்பிட்டேன்.”

“மேலேர்ந்து கீழ நடந்து வந்தியே. என்னைத் தாண்டித்தானே போன.”

தம்பி சிரித்தான். “என்னையே பயமுறுத்தப் பாக்கறியா? நல்லா கத்துக்கிட்டக்கா.”

அவள் சிரிக்கவில்லை. அவன் பொய் சொன்னால் இடது காது மடலைத் தடவுவான். சின்ன வயதிலிருந்தே உள்ள பழக்கம். இப்போது தடவவில்லை. ஆனால் கண்ணாடியைத் துடைக்கும் சாக்கில் இரண்டு கையும் மடியில்தானே இருக்கின்றன என்றும் அவளுக்குத் தோன்றியது.

மேனேஜரைப் போய்ப் பார்த்தாள். “இன்னொரு ஆளும் வெச்சிருக்கீங்களா சார்?”

அவர் தன் கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்கி, ஓரக்கண்ணால் அவளைப் பார்த்து, ஒரு பக்கமாகச் சிரித்தார். “நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து ஆள் கூட்டிட்டு வந்துட்டு, என்னைக் கேக்கறீங்களா டார்ச்சக்கா? பரவால்ல, நல்லாத்தான் இருக்கு. நடக்கட்டும்.”

அந்தச் சிரிப்பு அவளுக்குப் பிடிக்கவில்லை. எதையோ மறைக்கிற சிரிப்பா, அல்லது அவள் எதையோ மறைக்கிறாள் என்று நினைக்கிற சிரிப்பா என்று புரியாமல், ஆபரேட்டர் அறைக்கு மாடியேறினாள். ஆபரேட்டருக்கு அரங்கு முழுவதும் தெரியும்படி ஒரு சின்ன ஜன்னல் உண்டு.

“அண்ணே, இன்னிக்கு முகமூடி போட்டு எத்தன பேர் நடந்தாங்க?”

“ஒருத்தன்தாம்மா. உன் தம்பி.”

“எந்தப் பக்கம்?”

“வலப்பக்கம். ஏன், பக்கம் மாத்தினத நீ பாக்கலியா?”

“இடப்பக்கம் யாரும் வரல?”

ஆபரேட்டர் யோசித்தார். “இல்லியே. இடப்பக்கம் யாரும் வரல.”

தம்பி இடப்பக்கம் வந்ததாகச் சொல்கிறான். இவர் அவனைப் பார்க்கவேயில்லை என்கிறார். அவளும்தான் பார்க்கவில்லை. வலப்பக்கம் போனவனைப் பார்க்க ஆரம்பித்த பிறகு அவள் கண் வேறெங்கும் போகவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

அடுத்து வந்த நாட்களில் அவள் படத்தைப் பார்ப்பதையே விட்டுவிட்டாள். ஆட்களைத்தான் பார்த்தாள். தம்பி இடப்பக்கம் தட்டுத்தடுமாறி ஏறுவான். அவன் மேலிருந்து கண்ணை எடுக்காமல் பார்ப்பாள். வேறு யாரும் வரமாட்டார்கள். அப்பாடா என்று நாற்காலியில் சாய்வாள். காட்சி முடிந்து கூட்டம் கலையும்போது யாராவது எதையாவது சொல்லிவிட்டுப் போவார்கள். ஒருநாள் கல்லூரிப் பெண் ஒருத்தி படியிறங்கும்போது தோழியிடம், “நம்ம வரிசைல வந்து உக்காந்துக்கிட்டான் பாரு, அதுதான் சூப்பர்” என்றாள்.

அவள் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து நிறுத்தினாள். “யாரும்மா உக்காந்தது?”

“அந்த முகமூடிதான். எங்க பக்கத்து சீட் காலியா இருந்திச்சு. இடைவேளை விடறவரைக்கும் அங்கேயேதான் இருந்தான்.”

“என்ன செஞ்சான்?”

“ஒண்ணும் செய்யல ஆன்ட்டி.” சொல்லும்போதே அந்தப் பெண்ணின் சிரிப்பு கொஞ்சம் தேய்ந்தது. “எல்லாரும் சிரிச்சப்ப அவன் சிரிக்கல. திரையப் பாக்கவும் இல்ல. எங்களத்தான் பாத்துக்கிட்டு இருந்தான். யார் எப்பக் கண்ண மூடறாங்கன்னு பாத்த மாதிரி இருந்திச்சு.”

தம்பி எங்கேயும் உட்கார்ந்ததில்லை. அல்லது, உட்கார்ந்ததில்லை என்று அவன் சொல்கிறான்.

அன்று வீட்டில் சாப்பிடும்போது அவள் அவன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். மெலிந்த கைகள். நகத்தில் இன்னும் போகாத அச்சு மை. இந்தக் கையைப் பிடித்துத்தான் அவள் அவனைப் பள்ளிக்கூடத்தில் விட்டாள். இப்போது அதே கை குழம்புக் கரண்டியை எடுத்தபோது அவள் உடம்பு ஒரு கணம் பின்னால் போயிற்று. அவன் அதைப் பார்த்துவிட்டான்.

“என்னக்கா, என்மேலயே சந்தேகமா?”

“நீ யாரையாவது கூட்டிட்டு வரியா? உன் சிநேகிதன் யாரையாவது?”

“நானா? அவர்தான் எனக்குப் பதிலா எவனையோ பழக்கிக்கிட்டு இருக்காரு. அந்த மேனேஜர்.” தட்டைத் தள்ளிவைத்தான். “நேத்துக்கூட ஒருத்தன் என்கிட்ட வந்து, ‘இடப்பக்கம் வர ஆள விட வலப்பக்கம் வர ஆள்தான் பிரமாதம்’னு சொல்லிட்டுப் போறான். எனக்கு எப்படி இருக்கும்?”

“அப்ப நீயும் அவனப் பாத்தியா?”

“எனக்கு என்ன தெரியும் அந்த இருட்டுல! உன் மூஞ்சியே தெரியாது.” பிறகு குரலைத் தணித்தான். “நீ அந்தப் படத்த அளவுக்கு மீறிப் பாத்துட்டக்கா. இப்ப உனக்கு எல்லாருமே கொலைகாரனாத் தெரியறாங்க.”

இருக்கலாம் என்று அவள் நினைத்தாள். அப்படியே இருந்துவிட வேண்டும் என்று ஆசைப்பட்டாள். அவன் தூங்கிய பிறகு அவன் பையைத் திறந்து பார்த்தாள். ஒரு அங்கி, ஒரு அட்டைக் கத்தி, ஒரு முகமூடி. உள்பக்கம் அவன் வியர்வை வாடை. சந்தேகப்பட்டதற்காக வெட்கமாக இருந்தது. ஆனாலும் படுப்பதற்கு முன் தன் அறைக் கதவைத் தாழ்ப்பாள் போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் தியேட்டர் நிரம்பி வழிந்தது. மேனேஜர் புதிதாக ஒன்று செய்திருந்தார். டிக்கெட்டோடு ஆளுக்கொரு அட்டை முகமூடி. சாம்பல் நிறம், வாயில்லாத முகம், காதில் மாட்ட ரப்பர் பேண்டு. அவள் வாசலில் நின்று டிக்கெட்டைக் கிழித்தாள். குடும்பம் குடும்பமாக, சிரித்துக்கொண்டே அதை மாட்டிக்கொண்டு உள்ளே போனார்கள். குள்ள முகமூடி, தடித்த முகமூடி, குழந்தையைத் தோளில் தூக்கிய முகமூடி. அவள் டார்ச் அடித்து ஒவ்வொருவரையும் உட்காரவைத்தாள். யாரை உட்காரவைக்கிறோம் என்று அவளுக்குத் தெரியவில்லை.

கதவைச் சாத்திவிட்டு ஓட்டமாகச் சந்துக்குப் போனாள்.

“இன்னிக்கு நீ போகாத.”

தம்பி அங்கிக்குள் கையை நுழைத்துக்கொண்டிருந்தான். “ஹவுஸ்ஃபுல் அன்னிக்கா? நான் போகலன்னா அவன் வந்து இடத்தப் பிடிச்சுக்குவான்.”

“வந்தா வரட்டும்டா. நாம வீட்டுக்குப் போலாம். வேற வேல பாத்துக்கலாம்.”

“படத்துல இப்படி ‘போகாத போகாத’ன்னு அழறவங்களுக்கு என்ன ஆகும்னு உனக்குத் தெரியும்ல?” என்று கண்ணடித்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் அடங்கினான். “சரி. இன்னிக்கு ஒரு நாள். நாளைக்கு மேனேஜர்கிட்ட ரெண்டுல ஒண்ணு கேட்டுடறேன். போதுமா?”

அவள் காட்சி நேரம் எழுதும் பலகைக்குக் கீழே கிடந்த சாக்பீஸை எடுத்துவந்து, அவன் முதுகில், கறுப்பு அங்கியின்மேல் பெரிதாக ஒரு பெருக்கல் குறி போட்டாள். “இருட்டுல உன்னை அடையாளம் தெரியணும்.” அவன் கூச்சத்தில் நெளிந்தான். கண்ணாடியைக் கழற்றி அவள் கையில் கொடுத்தான். “பத்திரம்” என்றான்.

அவள் மேலே தன் நாற்காலிக்குப் போகவில்லை. இடப்பக்க நடைவழியில், சுவரோடு ஒட்டி நின்றுகொண்டாள். ஒரு கையில் டார்ச். இன்னொரு கையில் அவன் கண்ணாடி.

திரையில் வாயாடி பேசிக்கொண்டிருந்தான். தியேட்டர் அவனோடு சேர்ந்து சொல்லிக்கொண்டிருந்தது. வரிசை வரிசையாகச் சாம்பல் முகங்கள் நீல வெளிச்சத்தில் மிதந்தன. நூற்றுக்கணக்கில். அட்டைக்குப் பின்னால் மூச்சு முட்டுகிற சத்தம். பாப்கார்ன் மெல்லும் சத்தம். எங்கோ ஒரு குழந்தை சிணுங்கியது. வயலின் கிறீச்சிட ஆரம்பித்தது. அந்தக் காட்சி.

கீழே சின்னக் கதவு திறந்தது.

தம்பி வந்தான். இருக்கையைப் பிடித்தான். அடுத்த இருக்கையைப் பிடித்தான். யாரோ வீலென்று கத்த, சுற்றி இருந்தவர்கள் கைகொட்டிச் சிரித்தார்கள். அவன் அவளைத் தாண்டி மேலே ஏறினான். முதுகில் வெள்ளைப் பெருக்கல் குறி. அவள் டார்ச்சை அதன்மேல் வைத்தாள். அது அசைந்தது, நின்றது, அசைந்தது. அவன்தான். அவள் தம்பிதான்.

வலப்பக்கம் பார்த்தாள். யாரும் இல்லை.

மேலே பார்த்தாள். யாரும் இல்லை.

பாதி தூரத்தில் தம்பி நின்று கத்தியை ஆட்டினான். அப்போது அவனுக்குப் பக்கத்து ஓர இருக்கையில் இருந்து ஒருவர் எழுந்தார். வேடிக்கைக்கு எழுகிறவர்கள் உண்டு. கூட நின்று செல்ஃபி எடுப்பார்கள். டார்ச் வெளிச்சம் சிதறிச் சுற்றிலும் பட்டது. அட்டை முகங்கள் எல்லாம் பளபளத்தன.

எழுந்து நின்ற முகம் பளபளக்கவில்லை.

“டேய்.”

வயலினில் அவள் குரல் மூழ்கிப்போனது. தம்பி அந்த ஆளின் பக்கம் திரும்பினான். யாரென்று தெரியாமல், கண்ணாடி இல்லாதபோது எல்லோரையும் பார்ப்பதுபோல், முகத்தை மிகக் கிட்டத்தில் கொண்டுபோய்ப் பார்த்தான். மூக்கோடு மூக்கு. அப்படியே நின்றான். பிறகு பின்னால் நகர்ந்தான். கத்தியைக் கீழே போட்டான்.

அந்த ஆள் அவனை அணைத்துக்கொண்டான்.

அப்படித்தான் தெரிந்தது. நெடுநாள் பிரிந்தவரைக் கட்டிக்கொள்வதுபோல. தியேட்டர் அதிர்ந்தது. விசில். “கட்டிப்பிடி வைத்தியம்டா!” என்று யாரோ கத்தினார்கள். பெருக்கல் குறி ஒருமுறை துள்ளியது. இன்னொரு முறை. மெல்லக் கீழே இறங்கியது. படியில் உட்கார்ந்தது. சாய்ந்தது.

அவள் ஓடினாள். “லைட்டப் போடுங்க! அண்ணே! லைட்டு!” டார்ச்சை ஆபரேட்டரின் ஜன்னலை நோக்கி ஆட்டினாள். அணைத்து, எரித்து, அணைத்து.

விளக்குகள் எரிந்தன. படம் நின்றது. மொத்த அரங்கும் எழுந்து கைதட்டியது.

அவள் தம்பியின் பக்கத்தில் மண்டியிட்டாள். அவனைக் கட்டிக்கொண்டவனை அங்கே காணோம். முழங்காலில் வெதுவெதுப்பாக ஏதோ பட்டது. அவன் முகமூடியை இழுத்து எறிந்தாள். அவன் கண்களைச் சுருக்கி அவளைத் தேடினான்.

“அக்கா.”

“நான்தான்டா. நான்தான். பேசாத.”

“கிட்டப் போய்ப் பாத்தேன்கா.” அவன் கை அவள் தோளைத் துழாவிப் பிடித்தது. “அது முகமூடி இல்லக்கா.”

அந்தப் பிடி தளர்ந்தது. கண் சுருங்கியபடியே நின்றுவிட்டது.

“ஆஸ்பத்திரிக்கு ஃபோன் பண்ணுங்க! யாராவது! இது நிஜம், நிஜமாத்தான் நடந்திச்சு!”

சிரிப்பு இன்னும் பெரிதாயிற்று. “இதத்தான் எதிர்பாத்தேன், ‘இது நிஜம்’னு சொல்வாங்கன்னு!” “அக்கா நடிப்பு அபாரம்!” “கண்ணீரப் பாரு, நிஜமாவே வருது.” சாம்பல் முகங்கள் நாலா பக்கமும் குனிந்தன. கைப்பேசிகள் மின்னின. படியில் வழிந்ததை மிதிக்காமல் ஒரு அம்மா குழந்தையைத் தூக்கித் தாண்டவைத்தாள்.

ஒரு ஆள் அவள் எதிரில் குந்தினான். “கலர் சூப்பரா கலந்திருக்காங்க” என்று விரலால் தொட்டான். கட்டைவிரலோடு சேர்த்துத் தேய்த்தான். மூக்குக்குக் கொண்டுபோனான்.

அவன் கை நின்றது. மறு கையால் மெதுவாக முகமூடியைக் கழற்றினான். வெளுத்துப்போன, சாதாரணமான, மீசை வைத்த முகம். அவன் அவளைப் பார்த்தான். தம்பியைப் பார்த்தான். பின்னால் திரும்பி, சிவந்த விரலைத் தூக்கிக் காட்டினான். 

அவனுக்குப் பின்னால் இருந்தவள் கைதட்டுவதை நிறுத்தினாள். அட்டையைக் கழற்றினாள். அவளுக்கு அடுத்தவன். அதற்கு அடுத்த வரிசை. ஒரு வார்த்தையும் இல்லாமல் அது அரங்கு முழுவதும் பரவியது. ரப்பர் பேண்டுகள் காதைவிட்டுக் கழன்றன. முகங்கள் வந்தன. வியர்த்த முகங்கள், திறந்த வாய்கள். அட்டைகள் தரையில் விழுந்தன. கைதட்டல் தேய்ந்தது, தேய்ந்தது, அங்கொன்றும் இங்கொன்றுமாக ஆயிற்று, நின்றது.

ஒரு ஜோடிக் கை மட்டும் நிற்கவில்லை.

மேலே, கடைசி வரிசைக்கும் பின்னால், திரைச்சீலைக்குப் பக்கத்தில் அவளுடைய மடக்கு நாற்காலி. அதில் ஒருவன் உட்கார்ந்திருந்தான். தலையை ஒரு பக்கம் சாய்த்திருந்தான். சுற்றிலும் அத்தனை பேரும் முகத்தைக் காட்டிக்கொண்டு நின்ற அந்த வெளிச்சத்தில், கழற்றுவதற்கு எதுவுமில்லாதவனாக, அவளையே பார்த்தபடி, நிதானமாகக் கைதட்டிக்கொண்டிருந்தான்.